காற்றை நம்பி வண்டியை விட்டுப் போகாதே

சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சனுக்குப் போகும் கிளைப்பாதை 1891இல் திறக்கப்பட்டது. போட்டது சுங்கை ஊஜோங் ரயில்வே கம்பெனி. நீளம் சுமார் 39 கிலோமீட்டர்தான். ஈயமும் ரப்பரும் துறைமுகத்துக்குப் போன அந்தப் பாதையில், 1960களில் போர்ட்டிக்சனில் ஷெல், எஸ்ஸோ எண்ணெய் ஆலைகள் வந்த பிறகு தொட்டி வேகன்கள் ஓடத் தொடங்கின. 2008 வாக்கில் அதுவும் நின்றுபோனது. நெகிரி செம்பிலான் தோட்டங்களில் வளர்ந்த என் வயதுக்காரர்களுக்கு, பால்மரங்களுக்கு நடுவே வரிசையாகப் போகும் அந்தக் கரிய தொட்டிகள் நன்றாக நினைவிருக்கும். உள்ளே இருப்பது என்ன, அந்த வண்டி எதனால் நிற்கிறது என்று அப்போது யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை. பின்னாளில் கிம்மாஸ் ரயில்வே யார்டில், வேகன்களைச் சேர்த்துப் பிரிக்கும் சன்டிங் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. அதை இங்கே எழுதக் காரணம் கனடாவில் நடந்த ஒரு விபத்து.

2013 ஜூலை 5ஆம் தேதி இரவு, 72 தொட்டி வேகன்களில் கச்சா எண்ணெய் ஏற்றிய ஒரு ரயில், கியூபெக் மாநிலத்தில் நான்ட் என்ற இடத்தில் மெயின் லைனிலேயே நிறுத்தப்பட்டது. ஐந்து எஞ்சின்கள், வேலையாள் ஒரே ஒரு டிரைவர். நின்ற இடம் சரிவு. சரிவின் கீழே, பதினோரு கிலோமீட்டர் சொச்சத்தில், லாக் மெகான்டிக் என்ற ஊர். டிரைவர் ஏழு கைப்பிரேக்குகளைப் போட்டார். முன் எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்ததால் எஞ்சினின் காற்றுப் பிரேக்கும் பிடித்திருந்தது. அந்தக் காற்றுப் பிரேக்கை விடாமலேயே வண்டி அசைகிறதா என்று சோதித்தார். அசையவில்லை. தங்கும் விடுதிக்குப் போய்விட்டார்.

நள்ளிரவுக்குச் சற்று முன் அந்த எஞ்சினில் தீப்பிடித்தது. தீயணைப்பு வீரர்கள் முறைப்படி எஞ்சினை அணைத்துவிட்டுத் தீயை அணைத்தார்கள். எஞ்சின் நின்றதும் காற்றடிக்கும் கம்ப்ரெசரும் நின்றது. ஒரு மணிநேரத்தில் காற்று கசிந்து குறைந்தது. விடிகாலை ஒரு மணி நெருங்கும்போது வண்டி தானாக நகர ஆரம்பித்தது. ஊருக்குள் நுழையும்போது வேகம் மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல். 63 தொட்டிகள் தடம் புரண்டன. ஏறக்குறைய 60 லட்சம் லிட்டர் எண்ணெய் கொட்டி எரிந்தது. 47 பேர் இறந்தார்கள். அந்த வண்டியைப் பிடித்து நிறுத்த 17 முதல் 26 கைப்பிரேக்குகள் தேவைப்பட்டிருக்கும் என்று கனடாவின் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் பிறகு கணக்கிட்டது. அந்த நிறுவனத்தின் சொந்த விதியே ஒன்பது என்றுதான் சொன்னது. அதாவது விதியை அப்படியே பின்பற்றியிருந்தாலும் போதாமல் போயிருக்கும். என்னைக் கலங்கடித்தது அதுதான்.

காற்றுப் பிரேக் வேலை செய்யும் விதத்தைச் சொல்லிவிடுகிறேன். எஞ்சினிலிருந்து கடைசி வேகன் வரை ஒரு குழாய் போகும். வேகனுக்கு வேகன் ரப்பர் ஹோஸ் இணைக்கும். ஒவ்வொரு வேகனுக்கும் அடியில் ஒரு காற்றுத் தொட்டியும் ஒரு வால்வும் உண்டு. குழாயில் அழுத்தம் இருக்கும்வரை பிரேக் விட்டிருக்கும். டிரைவர் அழுத்தத்தைக் குறைத்தால், வால்வு திறந்து தொட்டியின் காற்று சிலிண்டருக்குப் போய்ப் பிரேக் கட்டையைச் சக்கரத்தில் அழுத்தும். ஓடும்போது வண்டி இரண்டாக அறுந்தாலும் ஹோஸ் பிய்ந்து காற்று வெளியேறும், இரு பாதியும் தானாக நிற்கும். 1870களில் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் கண்டுபிடித்த ஏற்பாடு. ஓடும் வண்டியை நிறுத்த நல்ல ஏற்பாடுதான். ஆனால் நின்ற வண்டியை மணிக்கணக்கில் பிடித்து வைக்க அது செய்யப்படவே இல்லை. சிலிண்டரில் உள்ள தோல் வளையம், ரப்பர் மூட்டு, எங்காவது ஓரிடத்தில் காற்று கசியத்தான் செய்யும்; சிலிண்டரில் காற்று குறைந்தால் கட்டையின் பிடி தளரும். ராத்திரி முழுக்கச் சும்மா நின்ற சைக்கிளின் டயர் காலையில் தொய்ந்து போயிருக்குமே, அந்த மாதிரி.

இன்னொன்றும் உண்டு. எஃகுச் சக்கரம் எஃகுத் தண்டவாளத்தில் உருள மிகச் சிறிய விசையே போதும். ஒரு டன்னுக்கு இரண்டு மூன்று கிலோ. நானூறு மீட்டருக்கு ஒரு மீட்டர் இறங்கும் சரிவு யார் கண்ணுக்கும் தெரியாது. ஆனால் நகர ஆரம்பித்த வேகனை அந்தச் சரிவு நிற்க விடாது. ஒன்பதாயிரம் டன்னுக்கு மேல் எடை கொண்ட அந்தக் கனடா வண்டியைச் சரிவு எவ்வளவு பலமாகக் கீழே இழுத்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

நின்ற வண்டியைப் பிடித்து வைப்பது, வேகனில் உள்ள கைச்சக்கரத்தை முறுக்கிப் போடும் கைப்பிரேக்தான். கிம்மாஸில் எனக்கு வேலை பழக்கிய பெரியவர், நான் அதை முறுக்கிவிட்டு இறங்கியதும் கேட்பார்: “கட்டையப் பாத்தியாடா தம்பி?”

“முறுக்கிட்டேன்ணே.”

“முறுக்குனது எனக்குத் தெரியுது. சக்கரத்தக் கடிச்சிருக்கான்னு கேக்குறேன். காலால உதைச்சுப் பாரு.”

உதைத்தால் கட்டை கடகடவென்று ஆடும் வேகனும் உண்டு. நடுவில் எங்கோ துரு ஏறிய ஊசியில் கம்பி சிக்கியிருக்கும். மேலே கைச்சக்கரம் இறுகிக் கிடக்கும், கீழே பிரேக் பிடித்திருக்காது. அதனால் முறுக்கிய பிறகு குனிந்து, சங்கிலி விறைத்திருக்கிறதா, கட்டை சக்கரத்தோடு ஒட்டியிருக்கிறதா என்று ஒவ்வொரு வேகனாகப் பார்ப்போம். கடைசியில் காற்றை முழுவதும் விட்டுவிட்டு, எஞ்சினால் லேசாகத் தள்ளிப் பார்க்க வேண்டும். நகர்ந்தால் இன்னும் இரண்டு வேகனுக்குப் போட வேண்டும். மழைக்காலத்தில் இது எரிச்சலான வேலை. இரவு ஷிப்டில் விளக்கைப் பல்லில் கடித்துக்கொண்டு செய்ய வேண்டிய வேலை. இதைத்தான் முதலில் குறுக்குவழியாக்கத் தோன்றும் என்பதால்தான் பெரியவர் விடாமல் கேட்டார்.

2019 பிப்ரவரியில் அதே கனடாவில், ஃபீல்ட் என்ற மலைப்பகுதியில், 112 வேகன் தானிய வண்டி அவசரப் பிரேக்கில் நின்றது. கடுங்குளிரில் மூன்று மணி நேரம் காற்று கசிந்தது. கைப்பிரேக் போடவில்லை. வண்டி உருண்டு, பொறுப்பேற்க வந்திருந்த மூன்று ஊழியர்கள் இறந்தார்கள். 2024 பிப்ரவரி 25ஆம் தேதி ஜம்முவின் கத்துவாவில் 53 வேகன் ஜல்லி வண்டி, ஆளே இல்லாமல் எழுபது கிலோமீட்டருக்கு மேல் ஓடி, பஞ்சாபில் ஊஞ்சி பஸ்ஸி அருகே தண்டவாளத்தில் வைத்த மரக்கட்டைகளால் நின்றது. அங்கே யாருக்கும் அடிபடவில்லை. அது அதிர்ஷ்டம், வேறொன்றுமில்லை.

லாக் மெகான்டிக்குக்குப் பின் விதிகள் இறுகின. ஆபத்தான சரக்கு வண்டியை ஒற்றை ஆளிடம் விடக் கூடாது, மெயின் லைனில் ஆளில்லாமல் நிறுத்தக் கூடாது என்று கனடா சில நாட்களிலேயே உத்தரவிட்டது. எஞ்சின் கதவைப் பூட்ட வேண்டும், திசை மாற்றும் பிடியைக் கழற்றிக்கொண்டு போக வேண்டும். அமெரிக்காவின் 2015 விதியில் எனக்கு மிகவும் பிடித்த ஒன்று உண்டு: தீயணைப்பு வீரர் போன்ற அவசர உதவியாளர்கள் ஆளில்லா வண்டியில் கை வைத்துவிட்டால், விஷயம் தெரிந்த ரயில்வே ஊழியர் வந்து மறுபடி சோதித்தே ஆக வேண்டும். அந்த இரவில் நான்டில் அப்படி ஒருவர் வந்திருந்தால் போதும். லாக் மெகான்டிக் வழக்கில் நிறுத்தப்பட்ட மூன்று ஊழியர்களை 2018 ஜனவரியில் ஜூரி விடுவித்தது. என்னைக் கேட்டால் அது சரியான தீர்ப்பு. அவ்வளவு கனமான வண்டியை ஒரே ஆளிடம் கொடுத்து, சரிவில் விட்டுவிட்டுத் தூங்கப் போகச் சொன்ன ஏற்பாட்டுக்கு அந்த மூவர் மட்டும் எப்படிப் பொறுப்பாவார்கள்?

இது ரயில்வேக்காரர்களுக்கு மட்டுமான விஷயம் என்று நினைக்க வேண்டாம். செம்பனை ஆலைகளில் இன்றும் தண்டவாளம் இருக்கிறது. பழக்குலைகளை நிரப்பிய இரும்புக் கூண்டுகளைச் சக்கரத்தில் உருட்டித்தான் பல ஆலைகளில் நீராவிக் கலனுக்குள் அனுப்புகிறார்கள். என் அக்காள் மகன் அப்படியோர் ஆலையில் வேலை செய்கிறான். போய்ப் பார்த்தேன். அங்கிருந்த கூண்டுகளில் பிரேக்கே கிடையாது. “தரை சமமாத்தானே இருக்கு மாமா” என்றான். தண்டவாளத்தின் மேல் ரசமட்டம் வைத்துக் காட்டினேன். குமிழி நடுவில் நிற்கவில்லை.

சக்கரத்துக்கு முட்டுக்கட்டை யார் வைப்பது என்று கேட்டேன். “யாராச்சும் வைப்பாங்க” என்றான். அதைத்தான் மாற்றச் சொன்னேன். கூண்டைக் கடைசியாகத் தள்ளி நிறுத்தியவரே சரிவுப் பக்கத்துச் சக்கரங்கள் இரண்டுக்கும் கட்டை வைத்து ஷிப்டு புத்தகத்தில் தன் பெயரை எழுத வேண்டும். அடுத்து வருபவர் புத்தகத்தை மட்டும் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்காமல், குனிந்து கட்டையையும் பார்க்க வேண்டும். கட்டை வைக்காத வரை இரண்டு கூண்டுகளுக்கு நடுவில் யாரும் புகக் கூடாது. வைத்த பிறகும் இழுவைக் கயிறு மாட்டும் ஆளைத் தவிர மற்றவர் புகக் கூடாது. ஆலையை ஒட்டி லயன் வீடுகள் இருந்தால், பள்ளி விடுமுறையில் பிள்ளைகள் கூண்டில் ஏறி விளையாட வருவார்கள். அந்தப் பக்கம் வேலி போடச் சொல்லிக் கேட்பது தொழிற்சங்கத்தின் வேலை. கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.