சேவையகக் கதவு திறவாதது ஏன்?

பலர் கூடி ஆண்டுக்கணக்கிற் சேர்த்த பாடக் குறிப்புகளை ஒரு பெட்டியில் வைத்து, தத்தம் கணினி வழியே எடுத்துப் பயன்கொள்ளுதல் இன்று பள்ளிகளிற் பரவிவிட்ட வழக்கம். அப்பெட்டியே சேவையகம். அது ஒருநாள் கதவடைத்துக்கொண்டால், ஆசிரியர் செய்வதறியாது நிற்கின்றனர்.

சென்ற பள்ளி விடுமுறையில், தேக்காவில் சிராங்கூன் சாலையை அடுத்த ஓர் அறையில் ஆசிரியர் பயிற்சிக்காகக் கூடியிருந்தோம். தோட்டப் பள்ளித் தலைமையாசிரியனாகிய நானும் பயிற்றுநருள் ஒருவன். ஓய்வுபெற்ற ஆசிரியர்களின் பாட ஒலிப்பதிவுகள், வேறு படி இல்லாதவை, பழைய சேவையகம் ஒன்றில் இருந்தன. புதிதாக வாங்கிய கணினியால் அதனைத் திறக்க இயலவில்லை. உதவ வந்த அன்பர், "காவல் அனைத்தையும் எடுத்துவிடுவோம் ஐயா" என்றார். வேண்டா என்று தடுத்தேன். அதன் காரணத்தை ஈண்டு விளக்குவேன்.

கணினியும் சேவையகமும் கோப்புகள் குறித்து உரையாடும் முறைக்கு எஸ்.எம்.பி. என்று பெயர். 1980களில் ஐ.பி.எம். நிறுவனத்தில் தோன்றியது அது. 1990களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியரான ஆண்ட்ரூ டிரிட்ஜெல் அதனை யூனிக்ஸ் கணினிகளிலும் இயங்கச் செய்தார். அவர் தொடங்கிய மென்பொருளே இன்றைய 'சம்பா'. இவ்வுரையாடலுக்கு வழி, வாயில், மொழி, உரிமை என நான்கு வேண்டும். பிழை நேர்ந்தால் இவ்வரிசையிலேயே ஆராய்தல் முறை.

முதலாவது வழி. கம்பி சரியாக உள்ளதா, இரண்டும் ஒரே வலையமைப்பில் உள்ளனவா என்று காண்க. சேவையகத்தைப் பெயரால் அழைத்தும் பயனில்லையேல் எண் முகவரியால் அழைக்க. எண்ணுக்குத் திறந்து பெயருக்குத் திறவாதாயின், பெயரை எண்ணாக மாற்றித்தரும் ஏற்பாட்டிலேயே குறை உள்ளது.

இரண்டாவது வாயில். இவ்வுரையாடல் 445ஆம் எண் வாயில் வழியே நடைபெறும். ஃபயர்வால் எனும் தடுப்பரண் அதனை அடைத்திருக்கலாம். விண்டோஸ் காட்டும் 53ஆம் பிழை பெரும்பாலும் வழியையோ வாயிலையோ சுட்டும்.

மூன்றாவது மொழி. எஸ்.எம்.பி.க்கு மூன்று பெரும் பதிப்புகள் உண்டு. இருவருக்கும் பொதுவான பதிப்பு இல்லையேல் பேச்சே தொடங்காது.

நான்காவது உரிமை. 1326ஆம் பிழை, பயனர் பெயரோ கடவுச்சொல்லோ தவறு என்பது. 5ஆம் பிழை, கோப்பைத் திறக்கும் அனுமதி இல்லை என்பது. கெர்பரோஸ் முறையில் அடையாளம் காணும் வலையமைப்பில், கடிகாரங்கள் ஐந்து நிமிடத்திற்கு மேல் வேறுபட்டாலும் பொதுவாக அனுமதி கிடையாது.

எங்கள் பெட்டிக்கு வழி இருந்தது, வாயிலும் திறந்திருந்தது. ஆனால் அது அறிந்தது முதற்பதிப்பு ஒன்றையே. புதிய கணினிகளோ அப்பதிப்பை இயல்பாக ஏற்பதில்லை. 2017 மே 12 அன்று பரவிய 'வானாகிரை' எனும் நச்சுநிரல் அப்பழம்பதிப்பின் ஓட்டை வழியே நுழைந்தது. பிரிட்டனில் மருத்துவமனைகள் திணறின. சிங்கப்பூரில் தியோங் பாரு பிளாசா அங்காடியின் அறிவிப்புத் திரைகளும் தப்பவில்லை. ஓட்டையை அடைக்கும் திருத்தம் அவ்வாண்டு மார்ச்சிலேயே வெளிவந்திருந்தும் அதனை இடாதார் பலர். காவலை எடுக்க வேண்டா என்று நான் தடுத்தது இதனாலேயே.

பின் என்ன செய்தோம்? பழைய கணினி ஒன்றை இணையத்தினின்று துண்டித்து, பெட்டியோடு நேரே இணைத்தோம். பதிவுகளை இரு வட்டுகளிற் படியெடுத்தபின் பெட்டிக்கு ஓய்வளித்தோம்.

அப்பாலும் ஓர் இடர். 'கொன்றை வேந்தன்' என்னும் பதிவு கண்முன் இருந்தும், பெயரைத் தட்டச்சிட்டுத் தேடினால் அகப்படவில்லை. தமிழாசிரியர் இதனைக் கருத்திற் கொள்க. யூனிகோடில் 'கொ' என்னும் எழுத்தின் ஒகரக் குறியை ஒரே குறியெண்ணாகவும் இடலாம். ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டாகவும் இடலாம். நம் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. பல சேவையகங்களுக்கோ வெவ்வேறு பெயர்கள். பெயரை ஒரே முறையில் மீண்டும் எழுதியதும் குறை தீர்ந்தது.

மாணவன் பிழை செய்தால், எந்த எழுத்திற் பிழை என்று கண்டு திருத்துகிறோம், ஏட்டையே கிழிப்பதில்லை. சேவையகத்தினிடத்தும் அவ்வாறே நடத்தல் வேண்டும். பாடங்களுக்கு இன்றே மற்றொரு படி எடுத்து வைப்பீராக.