நாத் தவறும் வாக்குத் தவறும்

பண்டாரவளையிலிருந்து கொஸ்லாந்தைக்கு இறங்கும் மலைப்பாதையில் பூனாகலை அமைந்துள்ளது. அங்குள்ள தேயிலைத் தோட்டங்களில், பெரட்டுக்குப் புறப்படுமுன் லயத்து அடுப்பில் தேநீர் கொதிக்கும் வேளையிலேயே செய்தி கேட்கும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. சனாதிபதித் தேர்தல் நெருங்கிவிட்டாலோ, அந்தச் செய்தி கொழுந்து மலை வரை கூடவே வரும். எந்த வேட்பாளர் எந்த மேடையில் என்ன சொன்னார், எங்கே சொல் தடுமாறினார், அதைக் கேட்டு யார் நகைத்தார் என்பவையே அந்நாட்களின் பேச்சாகும்.

யானைக்கும் அடி சறுக்கும் என்பது பழமொழி. நாள் ஒன்றுக்கு நான்கு மேடைகள் ஏறுபவரின் நாவும் சறுக்குதல் இயல்பே. ஆனால் நாத் தவறு வேறு. வாக்குத் தவறு வேறு. முன்னையது ஒரு கணத்தில் நேர்வது. பின்னையது ஆண்டுக்கணக்கில் நீள்வது. பத்திரிகைகளும் ஒலிபரப்புகளும் இவ்விரண்டில் எதற்கு மிகுந்த இடம் கொடுக்கின்றன என்பதை அறிந்துகொள்வது வாக்காளருக்கு மிகவும் பயன்படும்.

இலங்கையில் மக்கள் நேரடியாக வாக்களித்த முதலாவது சனாதிபதித் தேர்தல் 1982 ஒக்டோபர் 20 ஆம் நாள் நடைபெற்றது. நாடாளுமன்றத் தேர்தலில் வாக்காளர் தம் பகுதி வேட்பாளரை வீதியிலோ கோவிலிலோ காணக்கூடும். சனாதிபதித் தேர்தலிலோ நாடு முழுவதும் ஒரே தொகுதி. மலைநாட்டுத் தொழிலாளர் வேட்பாளரைக் காண்பதைவிட, அவரைப் பற்றிப் பிறர் கூறக் கேட்பதே மிகுதி. ஆகவே இடையில் நின்று கூறுபவரின் பொறுப்பும் பெரிதாகின்றது.

மலையகத் தமிழருக்கு இவ்வாக்குரிமை எளிதிற் கிட்டியதன்று. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் அவர்களிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964 ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இரு நாடுகளுக்கிடையே பங்கிட்டது. 1988 ஆம் ஆண்டிலும், இறுதியாக 2003 ஆம் ஆண்டிலும் இயற்றப்பட்ட சட்டங்களின் பின்னரே குடியுரிமைக் கதவு முற்றாகத் திறந்தது. இத்துணை அரிதிற் பெற்ற வாக்கின் நிறை என்ன என்பதை 2015 ஜனவரி 8 ஆம் நாள் நடந்த தேர்தல் காட்டிற்று. அன்று பதுளை மாவட்டத்தில் முதலிரு வேட்பாளரையும் பிரித்துநின்றவை முந்நூற்றுக்கும் குறைவான வாக்குகளே. ஒரு தோட்டத்தின் சில லயங்களில் வாழ்பவரின் தொகையே அவ்வளவு இருக்கும்.

இனி, நாத் தவறு எவ்வாறு பெரிதாகின்றது என்பதை நோக்குவோம். 1976 ஒக்டோபர் 6 ஆம் நாள் அமெரிக்கச் சனாதிபதி ஜெரால்டு போர்டு, தம்மை எதிர்த்துப் போட்டியிட்ட ஜிம்மி கார்ட்டருடன் தொலைக்காட்சியில் விவாதம் நடத்தினார். கிழக்கு ஐரோப்பாவில் சோவியத் ஆதிக்கம் இல்லை என்னும் பொருள்பட அவர் அங்குப் பேசினார். அன்றிரவே கருத்துக் கேட்கப்பட்டவருட் பலர், போர்டே நன்றாக வாதிட்டார் என்றனர். மறுநாள் முழுவதும் பத்திரிகைகளும் தொலைக்காட்சியும் அவ்வொரு வாக்கியத்தையே எடுத்து விளக்கின. அதன்பின் கேட்டபோது, வென்றவர் கார்ட்டரே எனப் பெரும்பாலோர் கூறினர். விவாதம் மாறவில்லை, அதைக் கண்டவரின் தீர்ப்பு மாறிற்று. பல மணி நேரப் பேச்சிலிருந்து ஒரு வரியைத் தெரிந்தெடுத்தல், அதன் முன்பின்னை நீக்குதல், மீண்டும் மீண்டும் ஒலிக்கச் செய்தல் என்னும் மூன்று செயல்களால் இம்மாற்றம் நிகழ்கின்றது.

நமது நாட்டிலும் இதற்குச் சான்றுகள் உண்டு. 2010 ஜனவரி 26 ஆம் நாள், வாக்களிப்பு நடந்துகொண்டிருக்கும்போதே, எதிரணி வேட்பாளர் சரத் பொன்சேகாவின் பெயர் வாக்காளர் இடாப்பில் இல்லை என்ற செய்தி பரவிற்று. செய்தி உண்மையே, அவரால் அன்று வாக்களிக்க இயலவில்லை. தம் பெயரைப் பதிவுசெய்யத் தவறியது வேட்பாளரின் பிழையென்றே கொள்ளலாம். ஆனால் அவர் போட்டியிடவே தகுதியற்றவர் என்ற கருத்தும் அரச ஊடகங்கள் வழியாக உடன் பரப்பப்பட்டது. அது அவரது வேட்பாளர் தகுதியைப் பாதிக்காது எனத் தேர்தல் ஆணையாளர் விளக்கமளிக்க வேண்டியதாயிற்று. முதற்செய்தியைக் கேட்ட அனைவரும் விளக்கத்தையும் கேட்டிருப்பர் எனக் கூற முடியாது. மகிந்த ராஜபக்ஷ அத்தேர்தலில் பெருந்தொகை வாக்குகளால் வென்றார். ஆதலின் அச்செய்தியே முடிவைத் தீர்மானித்தது என்பது பொருந்தாது. எனினும், உண்மையோடு உண்மையற்றதைக் கலந்து கொடுப்பது எத்துணை எளிது என்பதை அந்நாள் உணர்த்திற்று. அதே தேர்தலில் அரச ஊடகங்களை மேற்பார்வை செய்யத் தகுதிவாய்ந்த அதிகாரி ஒருவரை ஆணையாளர் நியமித்ததும், அறிவுறுத்தல்கள் மதிக்கப்படாமையால் அந்நியமனத்தை விலக்கிக்கொண்டதும் ஈண்டு நினைக்கத்தக்கன.

2015 ஆம் ஆண்டுத் தேர்தலுக்குச் சில நாட்களுக்கு முன், மகிந்த ராஜபக்ஷ யாழ்ப்பாணத்தில் உரையாற்றினார். தெரியாத தேவதையிலும் தெரிந்த பேயே மேல் என்னும் முதுமொழியைக் கூறி, அத்தெரிந்த பேய் தாமே என்றும் சொன்னார். வேடிக்கையாகச் சொன்ன சொல்லாகலாம். உலகச் செய்தி நிறுவனங்கள் அதை எங்கும் கொண்டுசென்றன. வடக்கு மக்கள் அவருக்கு எதிராக வாக்களித்ததற்குப் போரும் அதன் பின்விளைவுகளுமான பழைய காரணங்கள் உண்டு. ஆயினும், கேட்பவர் நெஞ்சில் ஏற்கெனவே உள்ள எண்ணத்தோடு இசையும் சொல்லே ஒட்டிக்கொள்ளும் என்பதற்கு அது நல்ல எடுத்துக்காட்டு.

சில வேளைகளில் தவறு என நகைக்கப்படுவது தவறேயன்று. 2019 ஆம் ஆண்டு சஜித் பிரேமதாச பெண்களுக்கு மாதவிடாய்த் துணிகளை இலவசமாக வழங்குவதாகக் கூறினார். அவரை எதிர்த்தோர் அதற்காகவே அவருக்குப் பட்டப்பெயர் சூட்டினர். அவர் அப்பெயரைப் பெருமையுடன் ஏற்றுக்கொண்டார். பட்டப்பெயரைப் பற்றிய செய்திகள் பல வந்தன. தோட்டப் பாடசாலைகளில் வயதுவந்த மாணவியர் மாதத்திற் சில நாட்கள் வகுப்புக்கு வாராதிருப்பது ஏன், அதைப் போக்க எவ்வளவு செலவாகும் என்னும் கேள்விகள் அந்நகைப்பில் மறைந்தன.

அதே தேர்தலிலேதான் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளமும் ஏலத்தில் விடப்பட்டது போலாயிற்று. 2019 ஜனவரியிற் கையெழுத்தான கூட்டு ஒப்பந்தப்படி அடிப்படைச் சம்பளம் 700 ரூபா. தேர்தல் மேடையில் கோட்டாபய ராஜபக்ஷ தரப்பு 1,000 ரூபா என்றது. சஜித் பிரேமதாச தரப்பு 1,500 ரூபா என்றது. யார் கூடுதலாகச் சொன்னார் என்பதே தலைப்புச் செய்தியாயிற்று. அப்பணத்தைக் கொடுப்பவர் யார் என்ற வினா அரிதாகவே எழுந்தது. 1970களில் அரசுடைமையாக்கப்பட்ட தோட்டங்களின் நிர்வாகம் 1992 முதல் கம்பனிகளின் கையில் உள்ளது. ஆகவே, சனாதிபதி விரும்பினாலும் தாமே கையொப்பமிட்டுக் கொடுக்கக்கூடிய சம்பளமன்று அது.

நடந்தது என்ன? கோட்டாபய ராஜபக்ஷ வென்றார். 2020 மார்ச் மாதம் முதல் 1,000 ரூபா வழங்கப்படும் என அறிவிக்கப்பட்டது. அம்மாதம் வந்தது, சம்பளம் வரவில்லை. சம்பள நிர்ணய சபையின் தீர்மானம் வர்த்தமானியில் வெளியானது 2021 மார்ச்சிலேயே. அதன் பின்னரும் பல தோட்டங்களில் ஒரு நாட்பேருக்குப் பறிக்க வேண்டிய கொழுந்தின் அளவு கூட்டப்பட்டது. அளவு குறைந்தவருக்கு அரைப்பேரே எழுதப்பட்டது. வாக்கு நிறைவேறியதா என்று கேட்டால், வர்த்தமானி ஆம் என்னும்; பல லயங்களின் சம்பளத் துண்டு பாதி என்னும்.

2024 மே 1 ஆம் நாள் கொட்டகலையில் சனாதிபதி ரணில் விக்கிரமசிங்க 1,700 ரூபாவை அறிவித்தார். கம்பனிகள் நீதிமன்றை நாடின. ஜூலையில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. செப்டெம்பர் 21 ஆம் நாள் நடந்த தேர்தலுக்குச் சில நாட்களுக்கு முன் உறுதியான அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாவாகும். மேடையிற் சொன்ன எண்ணுக்கும் சட்டத்தில் எழுதிய எண்ணுக்கும் இடையில் 350 ரூபா நின்றது.

பூனாகலை மக்களுக்குச் சம்பளத்திலும் அவசரமானது பாதுகாப்பான கூரை. 2014 ஒக்டோபர் 29 ஆம் நாள் அருகிலுள்ள மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடிற்று. மூன்று வாரங்களின் பின் சனாதிபதித் தேர்தல் அறிவிக்கப்பட்டது. நாட்டின் கவனமெல்லாம் அதன்பால் திரும்பிற்று. உயிர்தப்பியோர் பழைய தேயிலைத் தொழிற்சாலையில் காத்திருந்தனர். பூனாகலையின் மாகல்தெனியவில் அவர்களுக்கென அமைத்த 75 வீடுகள் கையளிக்கப்பட்டது 2016 ஒக்டோபரில். 2023 மார்ச்சில் பூனாகலையின் கபரகலைத் தோட்டத்தில் மீண்டும் மண் சரிந்தது. மீண்டும் குடும்பங்கள் வீடிழந்தன. இரண்டு ஆண்டுக் காத்திருப்பு எந்த வேட்பாளரின் நாத் தவறும் அன்று. அதனாலேயே அதைப் பற்றி விமரிசகர் பேசவில்லை போலும்.

இதனால் வேட்பாளரின் பேச்சை ஆராயவே கூடாது என்பதன்று. சில வேளை ஒரு சொல் ஒருவரின் உள்ளத்தைக் காட்டிவிடும். ஆனால் அந்தச் சொல்லுக்குச் செலவிடும் நேரத்திற் பாதியையாவது சொன்ன வாக்குக்கும் செலவிடுதல் வேண்டும். வானொலி கேட்பவர் தமக்குள் நான்கு வினாக்களை எழுப்பலாம். இதைச் செய்யும் அதிகாரம் இவருக்கு உண்டா? பணம் யாருடையது? எந்தச் சட்டத்தால், எந்த நாளுக்குள்? சென்ற முறை சொன்னது என்னவாயிற்று?

தோட்டத்து மக்களுக்குக் கணக்கு வைத்தல் புதிதன்று. காலையிற் பறித்தது எத்தனை கிலோ, எழுதப்பட்டது எத்தனை கிலோ, கழிக்கப்பட்டது எவ்வளவு என்பதை ஒவ்வொரு பெண்ணும் மனத்திற் குறித்துவைத்தே தராசை விட்டு நகர்கின்றாள். அந்தத் தராசடிக் கணக்கை மேடைப் பேச்சுக்கும் வைப்பாளாயின், நாத் தவறைக் கேட்டுச் சிரித்துவிட்டு, வாக்குத் தவறை மறவாமல் அவள் வாக்குச்சாவடிக்குச் செல்வாள்.