ஒப்பனைக் கலைஞரும் பொறுப்புக் காப்புறுதியும்

மணப்பெண்ணின் முகத்திற் பூசிய பூச்சு ஒவ்வாமற் போய், மாலைக்குள் இமைகள் வீங்கிவிடுகின்றன. மருத்துவச் செலவை யார் ஏற்பது?

இஃது வெறுங் கற்பனையன்று. 1930களில் அமெரிக்க அழகுநிலையங்களில் ‘லாஷ் லூர்’ என்னும் இமைச்சாயம் பூசப்பட்டது. அதிற் கலந்திருந்த இரசாயனப் பொருளாற் கண் புண்பட்டுப் பார்வை இழந்தோரும் உளர். 1938இல் அந்நாடு அழகுசாதனப் பொருள்களையும் சட்டக் கட்டுப்பாட்டினுட் கொணர்ந்தமைக்கு இதுவும் ஒரு காரணமாகும்.

இலங்கையில் வழங்கும் உரோமன் டச்சுச் சட்டப்படி, தம் கவனயீனத்தாற் பிறர் உடலுக்கு ஊறு விளைத்தவர் நட்டஈடு செலுத்தவேண்டும். அழகுநிலைய ஊழியர் பணியின்போது தவறிழைப்பின் முதலாளியும் பொறுப்பாவார். வீடுவீடாகச் சென்று தனித்துத் தொழில் புரியும் கலைஞருக்கோ அத்தகைய துணை இல்லை.

அத்துணையை அளிப்பதே பொறுப்புக் காப்புறுதி. கலைஞர் குறித்த கட்டுப்பணத்தைச் செலுத்திவர, வழக்குச் செலவையும் நட்டஈட்டையும் பத்திரத்திற் கண்ட தொகைவரை நிறுவனம் ஏற்கும். ஆயினும் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். ஒப்பனைப் பெட்டி தடுக்கி ஒருவர் விழுந்தால் ஈடுசெய்யும் பத்திரம், பூச்சினால் விளையும் தீங்கை விலக்கியிருக்கக்கூடும். கையொப்பமிடுமுன் அதனைக் கேட்டறிதல் நன்று.

விபத்து நேரின் உடனே நிறுவனத்துக்கு அறிவித்தல் வேண்டும். அதன் இசைவின்றிப் பணந்தர உடன்படுதல் உரிமையைக் கெடுக்கலாம்.

சாயத்தை இரு நாட்கள் முன்னரே தோலிற் சிறிது தடவிப் பார்த்து, அதனைக் குறித்துவைப்பது இன்றியமையாதது. காப்புறுதி பணத்தை ஈடுசெய்யும். பழுதுற்ற கண்ணை ஈடுசெய்யாது.