1,340 ஜிபி படம் 2 ஜிபி ஆகும் வித்தை

சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலை 2007 முதல் இயங்குகிறது. அங்கே தயாராகும் பொருள்களில் டிவியும் ஒன்று. அதே ஊரில் ஷிஃப்ட் முடிந்து வந்தவர், ஓடிடி செயலியில் ஒரு படத்தை டவுன்லோடு போட்டுவிட்டுக் குளித்து வருவதற்குள் அது இறங்கிவிடுகிறது. நியாயப்படி அதற்கு ஒரு நாளுக்கு மேல் ஆக வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஃபுல் எச்டி திரையில் 20,73,600 புள்ளிகள். ஒரு புள்ளியின் நிறத்தை எழுத 3 பைட். நொடிக்கு 24 பிரேம். இரண்டரை மணி நேரப் படத்துக்கு ஏறக்குறைய 1,340 ஜிபி! 128 ஜிபி போன் பத்து இருந்தாலும் இடம் போதாது. நொடிக்கு 100 மெகாபிட் இணைப்பில் இறங்க 30 மணி நேரம் பிடிக்கும். நமக்கு வருவதோ சுமார் 2 ஜிபி. மூன்று நிமிடம்கூட ஆகாது.

மீதியெல்லாம் எங்கே போயிற்று?

முதல் வெட்டு நம் கண்ணை நம்பி விழுகிறது. வெளிச்ச வேறுபாட்டைக் கூர்மையாகப் பிடிக்கும் கண், நிற வேறுபாட்டில் சற்று மந்தம். ஆகவே வெளிச்சம் புள்ளிக்குப் புள்ளி பதிவாகிறது. நிறம் நான்கு புள்ளிக்கு ஒன்றுதான். பாதி எடை அங்கேயே குறைந்துவிடும்.

அடுத்தது அசைவு. கதாநாயகன் நடக்கிறார், பின்னால் சுவர் அப்படியே நிற்கிறது. சுவரை மறுபடி மறுபடி அனுப்புவானேன்? ‘முந்தைய பிரேமில் இருந்ததையே போடு, இந்தத் துண்டை மட்டும் இவ்வளவு நகர்த்து’ என்ற குறிப்பே போதும். சுவரை மறைத்திருந்த பேருந்து விலகினால்? புதிதாகத் தெரியும் பகுதி முந்தைய பிரேமில் கிடையாது. அடுத்து வரும் பிரேமில் இருக்கும். அதனால் பின்னால் வர வேண்டிய பிரேம் முன்கூட்டியே அனுப்பப்படுகிறது. அதிலிருந்து கடன் வாங்கி நடுவில் உள்ளவை உருவாகின்றன. கோப்பில் பிரேம்கள் இருக்கும் வரிசை வேறு, நாம் பார்க்கும் வரிசை வேறு. எனக்கு இதுவே எல்லாவற்றிலும் பெரிய அதிசயம்.

எஞ்சியதைச் சுருக்குவது கோசைன் உருமாற்றம்: 8-க்கு 8 கட்டத்தில் உள்ள 64 புள்ளிகளை 64 அலை வடிவங்களின் கலவையாக மாற்றி எழுதும் கணக்கு. கண்ணுக்குப் புலப்படாத நுண்ணிய அலைகளின் அளவு பெரும்பாலும் பூஜ்ஜியமாகிவிடும். பூஜ்ஜிய வரிசையை எழுத மிகக் கொஞ்ச இடமே போதும். பெங்களூரில் பிறந்த நசீர் அகமது, 1972-இல் இந்த யோசனையோடு அமெரிக்க அரசின் தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் நிதி கேட்டார், மறுத்துவிட்டார்கள். அவர் விடவில்லை. தம் மாணவர் டி. நடராஜன், நண்பர் கே. ஆர். ராவ் ஆகியோருடன் 1974 ஜனவரியில் அதைக் கட்டுரையாக வெளியிட்டார். ராவ், 1952-இல் நம் கிண்டி பொறியியல் கல்லூரியில் பட்டம் பெற்றவர். இன்றைய வீடியோ முறைகள் பலவற்றிலும் அந்தக் கணக்கின் வாரிசுகளே ஓடுகின்றன.

இத்தனையையும் அவிழ்ப்பது போனுக்குள்ளோ டிவிக்குள்ளோ இருக்கும் ஒரு சில்லு. சுருக்கும் கணினி எவ்வளவு நேரமும் எடுத்துக்கொள்ளலாம். சில்லுக்கு அந்தச் சலுகை இல்லை. அலைகளைப் புள்ளிகளாக்கி, துண்டுகளை நகர்த்தி, வரிசையைத் திருத்தி, ஒரு பிரேமை முடிக்க அதற்குக் கிடைப்பது நொடியில் 24-இல் ஒரு பங்கு.