உஷார்! ‘நைட்டே கிளம்பிடலாம்’ என்பவரிடம் சாவியைக் கொடுக்காதீர்கள்

“மச்சான், வெள்ளிக்கிழமை ஆபீஸ் முடிஞ்சதும் நேரா கிளம்பிடுவோம்டா. டிராஃபிக் இருக்காது, வெயில் இருக்காது, புள்ளைங்களும் தூங்கிடும். விடிஞ்சா நாகர்கோவில்!”

தொடர் விடுமுறை வந்தால் போதும், சென்னையில் வீட்டுக்கு வீடு கேட்கிற பேச்சு இது. கேட்க ஜோராகத்தான் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் வயிற்றைக் கலக்குகிறது.

சென்னையிலிருந்து நாகர்கோவில் ஏறத்தாழ 700 கிலோமீட்டர். வெள்ளிக்கிழமை காலை 6 மணிக்கு எழுந்து, நாளெல்லாம் வேலை பார்த்து, மூட்டை கட்டி, இரவு 10 மணிக்கு வண்டியை எடுக்கிறீர்கள். சமயபுரம் டோல்கேட் பக்கம் வரும்போது விடியற்காலை 3 மணி இருக்கும். அதாவது ஸ்டியரிங் பிடித்திருப்பவர் கண் விழித்து 21 மணி நேரம் ஆகிவிட்டது. 17 மணி நேரம் தூங்காமல் இருந்தவரின் கையும் மூளையும் ரத்தத்தில் 0.05 சதவீதம் மது ஏறியவரைப் போலத் தடுமாறுகின்றன என்று 1997-லேயே ஆய்வு செய்து எழுதிவிட்டார்கள். 24 மணி நேரம் என்றால் 0.10 சதவீதத்துக்குச் சமம். நம் நாட்டுச் சட்டம் அனுமதிப்பதோ 0.03 சதவீதம் மட்டுமே. ஒரு சொட்டு குடிக்காத உத்தமர், சொந்தப் பெண்டாட்டி பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, குடித்தவர் நிலையில் திருச்சியைத் தாண்டிக்கொண்டிருக்கிறார். ஊதச் சொன்னால் கருவி பூஜ்யம் காட்டும். அதுதான் கொடுமை.

“நான் நைட்டு ஓட்டிப் பழகினவன்” என்று மார்தட்டும் ஆளிடம் இன்னும் ஜாக்கிரதையாக இருங்கள். தூக்கம் சொல்லிக்கொண்டு வருவதில்லை. கண் திறந்தே இருக்கும், மூளை மட்டும் இரண்டு மூன்று விநாடி அணைந்து எரியும். 100 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி விநாடிக்கு 28 மீட்டர் போகிறது. நாலு விநாடி அசந்தால் 110 மீட்டர் தூரத்துக்கு வண்டியை யாருமே ஓட்டவில்லை. கண்ணாடியை இறக்கிவிடுவது, இளையராஜாவைச் சத்தமாக வைப்பது, கன்னத்தில் தட்டிக்கொள்வது இதெல்லாம் அஞ்சு நிமிஷத்துக்குக்கூடத் தாங்காது. கடைசியாகக் கடந்த ஊர் எதுவென்று உங்களுக்கே நினைவில்லையா? அடுத்த பெட்ரோல் பங்க்கில் வண்டியை ஓரம் கட்டுங்கள். யோசிக்கவே வேண்டாம்.

இனி ரோட்டைப் பார்ப்போம். திண்டிவனம், விழுப்புரம், உளுந்தூர்பேட்டை, திருச்சி, மதுரை, திருநெல்வேலி என நெடுகிலும் நால்வழிச் சாலைதானே, எதிரே வண்டி வராதே, என்ன ஆபத்து என்று கேட்பீர்கள். இரவில் இந்த ரோட்டில் நடப்பதை ஒருமுறை மனசுக்குள் ஓட்டிப் பாருங்கள்.

முன்னால் ஒரு லாரி, வலது தடத்தில், 50 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்துகொண்டிருக்கிறது. லோடு வண்டி இடது தடத்தில்தான் போக வேண்டும். ஆனால் இடது ஓரத்தில் பைக், டிராக்டர், பள்ளம், எதிர்த்திசையில் வரும் டிவிஎஸ் 50 என்று எல்லாம் இருப்பதால் லாரிக்காரர் வலதிலேயே குடித்தனம் நடத்துகிறார். ஹாரன் அடிக்கிறீர்கள், டிப் அடிக்கிறீர்கள், அவர் நகரவில்லை. பொறுமை போய் இடப்பக்கமாக வெட்டி, ஆக்சிலரேட்டரை மிதித்து முந்துகிறீர்கள். லாரியின் நீளம் உங்கள் பார்வையை மறைக்கிறது. அதைத் தாண்டி வெளியே வரும்போது, அதே இடது தடத்தில், பின்விளக்கு எரியாமல், ஒட்டிய சிவப்புப் பட்டையிலும் புழுதி படிந்து, இன்னொரு லாரி நின்றுகொண்டிருக்கிறது. டிரைவர் டீ குடிக்கப் போயிருக்கலாம். அச்சு முறிந்திருக்கலாம். பின்னால் எச்சரிக்கையாக வைத்திருப்பது ஒரு கல்லும் ஒடித்துப் போட்ட வேப்பங்கொத்தும்தான்.

“நின்றிருந்த லாரி மீது கார் மோதி ஒரே குடும்பத்தைச் சேர்ந்த…” என்று காலைப் பேப்பரில் படிக்கிறோமே, அதன் பின்கதை பெரும்பாலும் இப்படித்தான். லாரியின் பின்பக்கம் காரின் பானெட்டைவிட உயரம். கார் அடியில் சொருகிக்கொள்ளும். மோதலை முதலில் வாங்குவது கண்ணாடி, பிறகு தலை. எத்தனை ஸ்டார் பாதுகாப்பு வாங்கிய காராக இருந்தாலும் அந்த உயரத்தில் அடி விழுந்தால் தாங்காது.

டிம் லைட்டில் இருண்ட பொருள் ஒன்று கண்ணில் படுவது சுமார் 50 மீட்டரில். 100-ல் போகும் கார் பிரேக் பிடித்து நிற்க, காய்ந்த ரோடு, நல்ல டயர் என்றால்கூட, கிட்டத்தட்ட 100 மீட்டர் வேண்டும். மிச்சம் 50 மீட்டருக்கு யார் ஜவாப்தாரி? எனவே இரவில் ஓட்டியே தீர வேண்டிய கட்டாயம் என்றால் வேகம் 80-ஐத் தாண்டவே கூடாது. அதுவும் ஹைபீம் போட முடிகிற இடத்தில் மட்டும். இடப்பக்கமாக முந்துவதை மறந்தேவிடுங்கள். லாரி வழிவிடவில்லையா, பின்னாலேயே போங்கள். அரை மணி நேரம் தாமதமானால் இட்லி ஆறிப்போகும், அவ்வளவுதான்.

சென்டர் மீடியனில் வளர்ந்திருக்கும் அரளிச் செடியையும் கவனியுங்கள். எதிர்ப்பக்க வண்டிகளின் வெளிச்சம் கண்ணைக் கூசாமல் இருக்க வைத்தது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் ரோட்டைக் கடக்க நிற்கும் ஆளும் மாடும் அதே செடிக்குப் பின்னால்தான் நிற்கிறார்கள். கால் வெளியே வந்த பிறகுதான் உங்களுக்குத் தெரியும். மீடியன் இடைவெளி வரும் இடங்களிலும் ஊர்ப்பெயர்ப் பலகை தெரிந்ததும் காலை ஆக்சிலரேட்டரிலிருந்து எடுத்துவிடுங்கள்.

நாள்காட்டியையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். தைப்பூசத்தை ஒட்டி மேல்மருவத்தூர்ப் பக்கம் சிவப்பு உடுத்தியவர்கள், பங்குனி, சித்திரையில் சமயபுரத்துக்கு நடப்பவர்கள், சாத்தூர், கோவில்பட்டிப் பக்கமிருந்து திருச்செந்தூருக்குக் கிளம்பும் பாதயாத்திரைக் கூட்டம் என ஆயிரக்கணக்கானோர் வெயிலுக்குப் பயந்து இரவில்தான் நடப்பார்கள். ரோட்டின் வெள்ளைக்கோடுதான் அவர்களுக்கு நடைபாதை.

சரி, பயம் காட்டியது போதும், எப்படித்தான் போவது?

முதல் நாள் இரவு 9 மணிக்குப் படுத்துவிடுங்கள். முழுத் தூக்கம் தூங்கி எழுந்து காலை 5 மணிக்குக் கிளம்பினால் ஜிஎஸ்டி ரோட்டில் பெருங்களத்தூர், கூடுவாஞ்சேரி நெரிசலுக்கு முன்னால் நழுவிவிடலாம். திருச்சியில் பத்து, பத்தரை. மதுரையில் மதியச் சாப்பாடு. அந்தி சாய்வதற்குள் ஆரல்வாய்மொழி. அந்திக்குள் என்பதில் காரணம் இருக்கிறது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி நாட்டில் விபத்துகள் அதிகம் நடப்பது மாலை 6 முதல் இரவு 9 மணிக்குள்தான். 2022-ல் விபத்து எண்ணிக்கையில் இந்தியாவிலேயே முதலிடம் தமிழ்நாட்டுக்கு. 64,105 விபத்துகள், 17,884 உயிர்கள். இந்த முதலிடத்தை நாம் மேடை போட்டுப் பேசுவதில்லை.

ஒரே மூச்சில் முடியாது என்று தோன்றினால் திருச்சியிலோ மதுரையிலோ ஒரு ராத்திரி தங்குங்கள். “ரூமுக்கு ரெண்டாயிரம் தண்டமா?” என்று கேட்கும் பெரியப்பாவுக்கு கார் டிங்கரிங் பில்லைப் பற்றிச் சொல்லுங்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முந்தின நாள் மாலை கிளம்புவது மட்டும் எக்காரணத்தைக் கொண்டும் வேண்டாம். பரனூர் டோல்கேட்டைத் தொடுவதற்குள்ளேயே உங்கள் பொறுமை மொத்தமும் செலவாகிவிடும். விழுப்புரம் தாண்டி ரோடு காலியானதும், போன நேரத்தைப் பிடிக்கிறேன் பேர்வழி என்று கால் தானாக அழுத்தும்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கியே ஆக வேண்டும். வழிநெடுக ‘கும்பகோணம் டிகிரி காபி’ போர்டுதான். கும்பகோணத்தில்கூட அத்தனை கடை இருக்காது. காபி குடித்த உடனே தெளிவு வந்துவிடாது, இருபது முப்பது நிமிடம் ஆகும். அதனால் குடித்துவிட்டு, சீட்டைச் சாய்த்து, ஒரு பதினைந்து நிமிடம் கண் அசருங்கள். எழும்போது இரண்டும் சேர்ந்து கை கொடுக்கும். இதற்கு வெளிச்சமுள்ள பங்க்கோ டோல்கேட் பக்கமோதான் சரி, ரோட்டோரம் வேண்டவே வேண்டாம். இன்ஜினை ஓடவிட்டு, கண்ணாடியை ஏற்றி, ஏசியில் தூங்காதீர்கள். புகைப்போக்கியில் கசிவு இருந்தால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை.

வண்டியில் மற்றதைவிட டயரைப் பாருங்கள். பக்கவாட்டில் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரம் தயாரானது. பட்டன் தேயாமல் பளபளவென்று இருந்தாலும் ஐந்தாறு வருஷம் ஆன டயரை மெக்கானிக்கிடம் காட்டாமல் சித்திரை வெயிலில் 700 கிலோமீட்டர் இழுக்காதீர்கள். காற்று எவ்வளவு என்று பங்க் பையனைக் கேட்காதீர்கள், டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் ஸ்டிக்கரில் இருக்கிறது. ஆள் நிறைந்து, டிக்கியும் நிறைந்தால் அதற்குத் தனி அளவு. டயர் சூடாகும் முன்பே அடிக்க வேண்டும். ஸ்டெப்னியையும் சேர்த்து. ஃபாஸ்டாகில் பணம் இருக்கிறதா என்று முந்தின நாளே பார்த்துவிடுங்கள். டேக் வேலை செய்யாவிட்டால் கூடுதல் கட்டணம்தான், 2025 நவம்பர் 15 முதல் யுபிஐயில் கட்டினால் ஒன்றேகால் மடங்கு.

இப்போது பின்சீட். இதில்தான் நம் ஜனங்கள் அசைந்து கொடுப்பதே இல்லை. “பின்னாடி எதுக்குப்பா பெல்ட்டு?” 2022 செப்டம்பர் 4 அன்று பால்கர் அருகே விபத்தில் சிக்கிய சொகுசு காரில் பெல்ட் போடாமல் பின்சீட்டில் இருந்த தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரியும் அவருடன் இருந்தவரும் இறந்தார்கள். முன்சீட்டில் இருந்த இருவர் காயத்தோடு பிழைத்தார்கள். அதற்குப் பிறகும் நம் வீட்டுப் பாட்டி பின்சீட்டில் சம்மணம் போட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறார். அதைவிடக் கொலைபாதகம், முன்சீட்டில் மடியில் குழந்தை. மோதலில் தாயின் கை குழந்தையைப் பிடித்து நிறுத்தாது, அந்த வலு எந்த மனிதக் கைக்கும் கிடையாது. எதிரே ஏர்பேக் வெடித்து விரியும் வேகம் குழந்தையின் முகத்தில்தான் இறங்கும். சின்னக் குழந்தைக்குச் சைல்டு சீட், பின்னால், பெல்ட்டோடு. அழுதால் அழட்டும், நிறுத்திச் சமாதானம் பண்ணுங்கள்.

இன்னொன்று, ஊரிலிருந்து வரும் போன். “எங்க மக்களே வந்திருக்கீங்க?” என்று மணிக்கொரு தரம் பாசம் பொங்கும். ஓட்டுகிறவர் போன் பின்சீட்டில் இருக்கட்டும்.

மழைக்காலத்தில் கிளம்புகிறவர்கள் காலையில் ஒருமுறை செய்தியைப் பார்த்துவிடுங்கள். ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு, 2024 டிசம்பர் 2 அன்று, தென்பெண்ணை வெள்ளம் அரசூர் அருகே சென்னை–திருச்சி நெடுஞ்சாலை மீதே ஓடிப் போக்குவரத்து நின்றுபோனது. தண்ணீர் ஓடும் ரோட்டில் முன்னால் போன பஸ்ஸை நம்பிக் காரை இறக்காதீர்கள், பஸ்ஸின் எடை வேறு, உங்கள் எடை வேறு. ஆனி, ஆடியில் போகிறீர்களா? வள்ளியூர் தாண்டி முப்பந்தல் காற்றாலைகள் தெரிந்ததும் வேகத்தைக் குறையுங்கள். கணவாய்க் காற்று பக்கவாட்டில் அறையும். பக்கத்தில் லாரி போகும்வரை அது காற்றை மறைத்துக்கொண்டிருக்கும். அதைத் தாண்டிய நொடியில் வண்டி அடுத்த தடத்துக்கு நகரும். இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருக்க வேண்டும். மேலே கேரியரில் சாமான் கட்டியிருந்தால் ஆட்டம் இரட்டிப்பு.

நடுவழியில் வண்டி நின்றுவிட்டால், நாலு இண்டிகேட்டரையும் போட்டு, முடிந்தவரை இடது ஓரம் தள்ளுங்கள். சிவப்பு முக்கோணத்தை ஐம்பது மீட்டராவது பின்னால் வையுங்கள். காருக்குள் உட்காராதீர்கள், காருக்குப் பின்னாலும் நிற்காதீர்கள். எல்லோரையும் இறக்கி, ஓரத் தடுப்புக்கு அந்தப் பக்கம் நிறுத்துங்கள். ரோட்டுப் பக்கத்து டயர் பஞ்சர் என்றால் இருட்டில் நீங்களே ஜாக்கி போட வேண்டாம். நெடுஞ்சாலை ஆணையத்தின் 1033-ஐக் கூப்பிடுங்கள், ரோந்து வண்டியும் கிரேனும் அனுப்புவார்கள்.

அடிபட்டவர் யாராக இருந்தாலும் 108. தூக்கிவிடுகிறவர் போலீஸ், வழக்கு என்று பயப்பட வேண்டாம், 2019 திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்ந்த 134ஏ பிரிவே அவருக்குப் பாதுகாப்பு. சிகிச்சைக்குக் காசில்லையே என்று தயங்கவும் வேண்டாம். மத்திய அரசின் 2025-ஆம் ஆண்டுத் திட்டத்தில் ஏழு நாள் வரை 1.5 லட்ச ரூபாய்க்குக் கட்டணமில்லாச் சிகிச்சை உண்டு. தமிழக அரசு 2021 டிசம்பரில், இதே ரோட்டில் இருக்கும் மேல்மருவத்தூரில், தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் முதல் 48 மணி நேரச் செலவை ஏற்கிறது. போனில் “திருச்சிக்கு முன்னாடி எங்கேயோ” என்று சொன்னால் ஆம்புலன்ஸ் தேடிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் இருக்கும் கிலோமீட்டர் கல்லின் எண்ணையும், வண்டி எந்த ஊர் நோக்கிப் போகும் பக்கம் நிற்கிறது என்பதையும் சொல்லுங்கள்.