பிறை பார்க்கவும் வானம் படிக்கவும்: மலைநாட்டுக்கு ஏற்ற தொலைகாட்டி

ஷஃபான் மாதம் 29 நெருங்கும்போது கண்டிப் பகுதி ஜமாஅத்துகளில் ஒரு பேச்சு எழுவதுண்டு: "பள்ளிக்கு ஒரு டெலஸ்கோப் எடுத்தா நல்லம்தானே?" பிள்ளையின் விஞ்ஞான ஆர்வத்தைக் கண்ட பெற்றோரும் இதே கேள்வியைக் கேட்கிறார்கள். நோக்கம் நல்லது. ஆனால் எதை வாங்குவது, வாங்கியதை இந்த ஈரமான மலைநாட்டில் எப்படிக் காப்பது என்று தெரியாமல் செலவிட்டால், இரண்டு மழைக்காலத்துக்குள் அது அலுமாரியில் பங்கசு பிடித்த குழாயாகிவிடும். தொலைகாட்டியில் கண்ட பிறையை ஏற்பதா என்பது உலமாக்களுக்குரிய விடயம். இக்கட்டுரை கருவியைப் பற்றி மட்டுமே பேசுகிறது.

முதலில் இடம், பிறகு கருவி

பூமி தன்னைத்தானே சுற்றுவதால் வானம் மணிக்கு 15 பாகை, அதாவது 4 நிமிடத்துக்கு ஒரு பாகை நகர்கிறது. கண்டி வட அகலாங்கு 7 பாகையளவில் இருப்பதால் இங்கே சூரியனும் சந்திரனும் ஏறத்தாழ நேர்குத்தாகவே இறங்குகின்றன. சூரியன் மறையும்போது 6 பாகை உயரத்தில் இருக்கும் தலைப்பிறை 25 நிமிடமளவில் மறைந்துவிடும். மேற்கே உள்ள மலையும் 6 பாகை உயரமென்றால், அந்தப் பிறையை எந்தத் தொலைகாட்டியாலும் அங்கிருந்து காண முடியாது. மலையை ஊடுருவிப் பார்க்கும் வில்லை எதுவும் இல்லை.

அளப்பது எளிது. கையை நேராக நீட்டி முட்டியைப் பொத்தினால் அதன் அகலம் ஏறத்தாழ 10 பாகை. நடு மூன்று விரல்கள் சேர்ந்து 5 பாகை. கண்டி நகரம் கிண்ணம் போன்ற பள்ளத்தில் இருக்கிறது. தென்மேற்கே ஹந்தானை மலைத்தொடர். டிசெம்பர் மாதத்தில் சூரியன் மேற்கிலிருந்து ஏறத்தாழ 23 பாகை தெற்கே சாய்ந்து மறையும். ஜூன் மாதத்தில் அதே அளவு வடக்கே சாயும். ஆகவே மேற்கின் இரு பக்கமும் 30 பாகை திறந்த மேட்டு நிலமொன்றைத் தேடிக்கொள்வது எந்தக் கருவியை வாங்குவதற்கும் முந்திய வேலை.

இன்னொரு எல்லையும் உண்டு. பிறைக்கும் சூரியனுக்கும் இடைப்பட்ட கோணம் சுமார் 7 பாகைக்குக் குறைவாயின் கண்ணுக்குத் தெரியக்கூடிய பிறைக்கீற்று உருவாவதில்லை என்று பிரெஞ்சு வானியலாளர் அந்திரே டான்ஜோன் 1930களில் எடுத்துரைத்தார். ஈரானின் மொஹ்சின் மிர்சயீத் 2002 செப்டெம்பர் 7 ஆம் திகதி 150 மி.மீ. வில்லைகள் கொண்ட பெரிய இருகண் தொலைகாட்டியால் 11 மணி 40 நிமிட வயதுள்ள பிறையைக் கண்டது ஒரு சாதனையாகப் பேசப்படுகிறது. சாதாரண அவதானிக்கு அது எட்டாத தூரம். கருவி நம் கண்ணுக்குத் துணை செய்யும். இல்லாத பிறையை உண்டாக்காது.

எதை வாங்குவது?

"எத்தின மடங்கு பெருசாக் காட்டும்?" என்பதுதான் கடையில் முதலில் கேட்கப்படும் கேள்வி. கேட்கவேண்டியது அதுவல்ல, முன்வில்லை அல்லது ஆடியின் விட்டம் எவ்வளவு என்பதே. விட்டம்தான் ஒளியைச் சேர்க்கிறது. 150 மி.மீ. கருவி, 70 மி.மீ. கருவியைவிட நாலரை மடங்கு ஒளியைத் திரட்டும். பயன்தரும் உருப்பெருக்கம் மில்லிமீற்றரில் உள்ள விட்டத்தின் இரு மடங்கைத் தாண்டாது. 70 மி.மீ. கருவிக்கு அது 140. அதன் பெட்டியில் 525 என்று அச்சிட்டிருந்தால் அந்தப் பெட்டியை அங்கேயே வைத்துவிட்டு வரலாம்.

பிறைக்காக மட்டும் என்றால் 10×50 இருகண் தொலைகாட்டியே முதல் தெரிவு. 10 என்பது உருப்பெருக்கம், 50 என்பது மி.மீ.யில் வில்லையின் விட்டம். அதன் பார்வைப்புலம் ஏறக்குறைய 6 பாகை. தொலைகாட்டியில் பெரும்பாலும் ஒரு பாகைதான். வெளிச்சம் மாறாத மாலை வானில் மயிரிழை போன்ற பிறையைத் தேட அகன்ற பார்வைதான் உதவும். ஒரு முக்காலியில் பொருத்தி, வெள்ளிக் கிரகத்தையோ தூரத்து மலை உச்சியையோ பார்த்து முன்கூட்டியே தெளிவைச் சரிசெய்துவிட வேண்டும். தெளிவு சரியில்லாத வில்லையில் பிறை கண்முன்னே இருந்தாலும் தெரியாது.

வானத்தை முழுதாகப் படிக்க விரும்புவோருக்கு 130 முதல் 200 மி.மீ. வரையிலான டொப்சன் வகைத் தெறிப்புத் தொலைகாட்டி ஏற்றது. சான் பிரான்சிஸ்கோவில் தெருவோரத்தில் பொதுமக்களுக்கு வானம் காட்டிய ஜோன் டொப்சன் பிரபலப்படுத்திய எளிய அமைப்பு இது. மரப்பெட்டி போன்ற தாங்கியில் குழாய் மேலும் கீழும், வலமும் இடமும் திரும்பும். அவ்வளவுதான்.

"ஈக்குவட்டோரியல்" தாங்கியைப் பலரும் சிபாரிசு செய்வர். அதன் அச்சு துருவ நட்சத்திரத்தை நோக்க வேண்டும். கண்டியில் அந்த நட்சத்திரம் அடிவானத்திலிருந்து 7 பாகை உயரத்தில்தான், பெரும்பாலும் மலைக்கும் மூடுபனிக்கும் பின்னால். மலிவான தாங்கிகள் பல அவ்வளவு தாழச் சரியவும் மாட்டா; எதிர்ப்பாரம் முக்காலியில் இடிக்கும். ஐரோப்பாவுக்குச் செய்ததை அப்படியே இங்கே கொண்டுவருவதில் உள்ள சிக்கல் இது.

பார்வைத்துண்டுகள் இரண்டு போதும். தொலைகாட்டியின் குவியத்தூரத்தைப் பார்வைத்துண்டின் குவியத்தூரத்தால் வகுத்தால் உருப்பெருக்கம் கிடைக்கும். 1200 மி.மீ. கருவியில் 25 மி.மீ. துண்டு 48 மடங்கு, 10 மி.மீ. துண்டு 120 மடங்கு. சனியின் வளையம் பார்க்க இது தாராளம். பொருத்தும் குழல் 1.25 அங்குலமாக இருக்கட்டும், பழைய 0.965 அங்குல அளவுக்குப் பிறகு நல்ல துண்டு தேடுவது கஷ்டம். பாவித்த கருவி வாங்கினால் டோர்ச் வெளிச்சத்தை வில்லையூடாகச் சாய்வாக அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை போன்ற நூல்கள் தெரிந்தால் அது பங்கசு.

கண்ணுக்கு ஆபத்து

பிறை தேடுவோர் சூரியன் இருக்கும் திசையையே பார்க்கிறார்கள். சூரியன் முழுதாக மறையுமுன் எந்த வில்லையையும் அப்பக்கம் திருப்பக்கூடாது. ஒரு நொடிப் பார்வையே கண்ணை நிரந்தரமாகக் கெடுத்துவிடும். மலிவான கருவிகளோடு வரும், பார்வைத்துண்டில் திருகும் சிறிய "சூரிய வடி" வெப்பத்தில் வெடிக்கக்கூடியது. அதை எறிந்துவிடுவது நல்லம். சூரியனைப் பார்க்க வேண்டுமானால் குழாயின் முன்வாயை முழுதாக மூடும் முறையான வடியே தேவை.

ஈரமும் பங்கசும்

மலைநாட்டில் தொலைகாட்டியின் பெரிய எதிரி ஈரப்பதன். வில்லையில் வளரும் பங்கசு அமிலம் சுரந்து மேற்பூச்சை அரித்துவிடும்; பிறகு துடைத்தாலும் தழும்பு போகாது. செய்யவேண்டியவை இவை:

- இரவில் பனி படிந்த வில்லையைத் துணியால் துடைக்க வேண்டாம். வீட்டுக்குள் கொண்டுவந்து, மூடியைத் திறந்தபடி தானாக உலரவிட்ட பின்னரே மூடுங்கள். ஈரத்தோடு மூடினால் பங்கசுக்கு நாமே வீடு கட்டிக் கொடுத்ததாகும்.
- பார்வைத்துண்டுகளையும் இருகண் தொலைகாட்டியையும் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். மணிகள் நிறம் மாறினால் சூடாக்கி உலர்த்தி மீண்டும் பாவிக்கலாம். அரிசி வேண்டாம், தூசும் பூச்சியும் சேரும்.
- தோற்பையில் நீண்டகாலம் வைக்காதீர்கள். தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும்.
- முன்வாயில் ஒன்றரை அடி நீளத்துக்குக் கறுப்பு றபர் விரிப்பைச் சுருட்டிக் கட்டினால் பனி படிவது தாமதமாகும்.
- கண்ணில் சுர்மாவும் விரலில் அத்தரும் இருந்தால் பார்வைத்துண்டில் எண்ணெய்ப்படலம் ஒட்டும். பார்க்க வருபவர்களிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்.

ஆடியில் கொஞ்சம் தூசு இருப்பதால் ஒன்றும் குறையாது. அடிக்கடி துடைப்பதால்தான் கீறல் விழுகிறது. மிக அழுக்கானால் மாத்திரம் கழற்றி, ஓடும் நீரில் தூசைப் போக்கி, ஒரு துளி பாத்திரச் சவர்க்காரம் கலந்த நீரில் பஞ்சைத் தோய்த்து அழுத்தாமல் இழுத்து, கடைசியில் வடித்தெடுத்த நீரால் கழுவிச் சாய்த்து உலரவிட வேண்டும்.

மலைப்பாதையில் முச்சக்கர வண்டியில் ஏற்றிச் சென்றால் ஆடிகளின் நேர்நிலை குலையும். பிரகாசமான நட்சத்திரமொன்றைத் தெளிவிழக்கச் செய்து பாருங்கள். வட்ட வளையங்கள் ஒரே மையத்தில் இருந்தால் சரி. ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் ஆடியின் பின்னாலுள்ள திருகாணிகளைச் சிறிது சிறிதாகத் திருப்பிச் சரிசெய்யலாம்.

வருடம் முழுதும் பாவிப்பது

ரமழானுக்கு மட்டும் வெளியே எடுக்கும் கருவிதான் முதலில் பழுதாகிறது. வெளியே எடுத்து உலர்ந்து பாவனையில் இருப்பதே நல்ல பராமரிப்பு. கண்டியில் ஜனவரி முதல் மார்ச் வரை வானம் ஒப்பீட்டளவில் தெளிவு. ஒராயன் முகில், வியாழனின் நான்கு சந்திரன்கள், ஏப்ரல், மே இரவுகளில் தெற்கே தென்சிலுவை என்று பார்ப்பதற்கு நிறைய உண்டு. 964 இல் அப்துர் ரஹ்மான் அஸ்ஸூபி சிறு முகிலென்று பதிந்த அந்திரொமேடாவை இருகண் தொலைகாட்டியில் நாமும் காணலாம். ரிஜெல், அல்தெபரான் போன்ற பெயர்கள் அரபியிலிருந்தே வந்தவை என்று பிள்ளைக்குச் சொல்ல அதைவிட நல்ல தருணம் கிடைக்காது.

அவதானிக்க நாடு சிறிதென்ற எண்ணமும் வேண்டாம். கொழும்பில் பிறந்த இராணுவ அதிகாரி பேர்சி மோல்ஸ்வர்த், திருகோணமலையில் 12.5 அங்குலத் தெறிப்புத் தொலைகாட்டியால் வியாழனைப் பார்த்து, 1901 இல் அதன் தென் அயனப் பகுதியில் தோன்றிய பெருங்குழப்பத்தை முதலில் கண்டவர். செவ்வாயில் ஒரு பள்ளம் இன்று அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. அவரும் பொழுதுபோக்கு அவதானிதான்.

பள்ளிவாசலோ மத்ரஸாவோ வாங்குமானால், அது ஊர்ப்பணத்தில் வந்த அமானிதம். சாவியைப் பலரிடம் விடாமல் ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். ஒரு கொப்பியில் திகதி, நேரம், வானநிலை, பார்த்தவர் பெயர், கண்டது என்ன, காணாதது என்ன என்று எழுதிவாருங்கள். "காணவில்லை" என்று எழுதிய பக்கங்களும் பெறுமதியானவை. சில வருடங்களில், எந்த உயரத்திலுள்ள பிறை நமது மேட்டிலிருந்து தெரியும், எது தெரியாது என்பதை அந்தக் கொப்பியே சொல்லும். பிறைச் சாட்சியத்தில் ஐயம் எழும் இரவில் எடுத்துப் பார்க்க அது கைவசம் இருக்கும்.