பந்தயத்திற்கு முந்திய வாரம்

மாணவச் செல்வங்களே! நெடுந்தூர ஓட்டப்பந்தயம் நெருங்கியதும் நம்மில் பலர் நாள்தோறும் மூச்சு முட்ட ஓடுகின்றோம். அது தவறு. கடும் பயிற்சியின் பலன் உடலில் சேர ஏறத்தாழப் பத்து நாள்கள் ஆகும். ஆகவே, கடைசி வாரம் பலம் தேடும் வாரமன்று. சேர்த்த பலத்தைக் காக்கும் வாரமாகும்.

பந்தயம் சனிக்கிழமை எனக் கொள்வோம். ஞாயிறன்று, பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் 20 நிமிடம் ஓடுக. திங்களன்று நடை போதும். செவ்வாயன்று 100 மீட்டர் தூரத்தை ஆறு முறை விரைந்து ஓடி, இடையிடையே நடந்து இளைப்பாறுக. புதனும் வியாழனும் 10 நிமிட மெதுவோட்டம். வெள்ளியன்று முழு ஓய்வு.

தேயிலைச் சரிவில் இறங்கி ஓடுவதை ஞாயிறோடு நிறுத்துக. இறக்கத்தில் தொடைத் தசைகள் உடல் எடையைத் தாங்கியவாறே இழுபடுவதால், வலி இரண்டு மூன்று நாள்கள் நீடிக்கும்.

நம் தானா ராத்தா ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில் உள்ளது. இங்குக் காற்றின் அழுத்தம் குறைவு. தொடக்கத்திலேயே பாய்ந்து ஓடுபவர் விரைவில் களைப்பர். ஏற்றத்தில் அடியைச் சுருக்கி ஓடுக. காலை உணவைப் பந்தயத்திற்கு இரண்டு மணி நேரம் முன்னரே முடித்துவிடுக.

பெற்றோர்களே! அவ்வாரம் வீட்டு வேலையைச் சற்றுக் குறைத்துப் பிள்ளைகளை விரைவில் உறங்க விடுங்கள், மகளாயினும் அவ்வாறே. 1966ஆம் ஆண்டு பாங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில், 400 மீட்டர் ஓட்டத்தில் மலேசியாவுக்குத் தங்கம் ஈட்டித் தந்த எம். இராஜாமணி, நம் தமிழ்ப் பெண்ணே அல்லவா?